உண்டியலில் மிஞ்சிய பணம்

போன மாதக் கூட்டத்தில் வழக்கம்போல் கணக்கு வாசித்தேன். மின்சாரப் பில், தேவார வகுப்புக்குப் புத்தகம், மாசி மகத் தண்ணீர்ப் பந்தல் செலவு. கடைசி வரி: "பாப்பா மருத்துவ நிதி, மீதி 3,240 ரிங்கிட் 60 சென்." நோட்டை மூடிவிட்டேன். நான் பொருளாளராக இருக்கும் இந்த ஐந்து வருசத்தில் கணக்கில் யாரும் கேள்வி கேட்டதில்லை. எல்லாருக்கும் அதற்கப்புறம் வரப்போகிற மீ கோரிங்தான் முக்கியம்.

அன்றைக்கு ஒருத்தன் கை தூக்கினான். படிவம் ஐந்து படிக்கிற பையன், அதிகம் பேசமாட்டான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க பையனுக்கும் அந்தப் பாப்பாவுக்கும் ஒரே சீக்குதானே?"

"ஆமாம்பா."

"ஒரே வாரம்தானே?"

"ஆமா."

அவ்வளவுதான். அவன் உட்கார்ந்துவிட்டான். தலைவர் அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார். அவன் கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்வி எனக்குத் தெரியும். அதற்குக் கூட்டத்தில் நான் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். பதில் முழுசாக இருக்கும் என்று சொல்லமாட்டேன்.

நடந்தது இதுதான். மாசி மகத்துக்கு ஒரு வாரம் இருக்கும். என் மகனுக்கு எட்டு மாதம். முதலில் சளி, அப்புறம் காய்ச்சல், அப்புறம் பால் குடிக்கவில்லை. இரண்டாம் நாள் இரவு பார்த்தால், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வருகிறது. என் மனைவி ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கம்பெனி மெடிக்கல் கார்டு குடும்பத்துக்கும் சேர்த்து. புக்கிட் பெருவாங்கிலிருந்து காடியை எடுத்து, சிவப்பு விளக்கையெல்லாம் பார்க்காமல், ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். கவுண்டரில் கார்டைக் கொடுத்த பத்தாவது நிமிடம் பிள்ளை மூக்கில் ஆக்சிஜன். விடிவதற்குள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில். ஆர்எஸ்வி என்ற கிருமி என்றார்கள். ஆறு நாள் இருந்தோம். பில் இருபத்து மூவாயிரத்துச் சொச்சம். நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

அதே வாரம் எங்கள் தாமானில், எங்கள் வரிசைக்குப் பின் வரிசையில், ஐந்து மாதப் பெண் குழந்தை. அப்பா கேஸ் தோம்பு லோரி ஓட்டுகிறவர். நம் ஊர் தம்பிதான், நீல ஐசி வைத்திருப்பவர். அம்மா மேடானிலிருந்து வந்த தமிழ்ப் பெண். கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். பதிவுத் திருமணம் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டதுதான். பிள்ளை மலாக்காவில் பிறந்தது, ஆனால் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்ல' என்று வந்துவிட்டது.

அந்தப் பாப்பாவுக்கும் சளி, காய்ச்சல், பால் குடிக்கவில்லை. அந்த அம்மா இரண்டு நாள் பொறுத்தார். திருநீறு பூசினார், ஓமம் வறுத்துத் துணியில் கட்டி முகர வைத்தார். ஏன் போகவில்லை என்று பிறகு என் மனைவி கேட்டபோது அவர் சொன்னது: "பிரசவத்துக்குப் போனப்பவே ஓராங் ஆசிங் ரேட்டு போட்டாங்கக்கா. அந்தக் கடனே இன்னும் முடியல." வெளிநாட்டவர் கட்டணம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது ஒரு வெள்ளி.

மூன்றாம் நாள் பிள்ளை நீலம் பாய ஆரம்பித்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரைவிட்டு இறங்கி வேன் எடுத்துக்கொண்டு ஓடினார். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்டு நிறுத்தவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் வேறு மாதிரி பேசுகிறார்கள். கட்டில் தயாராகும் வரை ஒரு நர்ஸ் முக்கால் மணி நேரம் நின்றபடியே கையால் பலூனை அமுக்கி மூச்சுக் கொடுத்தாராம். டெபாசிட் பேச்சு மறுநாள்தான் வந்தது. மாசி மகத்துக்கு நாங்கள் செங்கில் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் பக்கம் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தோம். பந்தலில் நான்கு உண்டியல் வைத்தோம், பாப்பா படத்தோடு. ஒரே ராத்திரியில் எட்டாயிரத்துச் சொச்சம் விழுந்தது. மோரும் பானகமும் குடித்த கையோடு பத்து வெள்ளி, ஐம்பது வெள்ளி என்று போட்டார்கள். காவடி எடுத்தவர் ஒருத்தர் இடுப்புத் துணியில் முடிந்திருந்ததை அவிழ்த்துப் போட்டார்.

மறுநாள் மத்தியானம் பாப்பா போய்விட்டாள்.

பில் ஐயாயிரத்துக்கு மேல். கட்டினோம். மிஞ்சியதுதான் அந்த 3,240 ரிங்கிட் 60 சென். மீதியைக் கொடுக்கப் போனபோது அந்தத் தம்பி வாங்கவில்லை. "வேணாண்ணே. அத வச்சு நான் என்னத்த வாங்கித் திங்கப் போறேன்" என்றார்.

இப்போது பையனின் கேள்விக்கு வருகிறேன். என் பிள்ளை பிழைத்தது, அந்தப் பிள்ளை போனது, இது நியாயமா? நியாயமில்லை என்று சொல்ல யாருக்கும் படிப்பு வேண்டாம். கஷ்டமான கேள்வி வேறு. நான் தப்பு செய்தேனா?

முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம்: நான் அவள் கட்டிலைப் பறிக்கவில்லை. என் மகன் இருந்தது தனியார், அவள் இருந்தது அரசாங்கம். இரண்டும் வேறு வேறு கட்டடம். இது உண்மை. கொஞ்ச நாள் இந்த உண்மையில் தூங்கினேன்.

பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. என் மகனைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அக்காவிடம் நாலாம் நாள் பேச்சுக் கொடுத்திருந்தேன். எட்டு வருசம் அரசாங்க ஆஸ்பத்திரியில் குழந்தைகள் தீவிர சிகிச்சையில் இருந்தவராம். "சம்பளம் பத்தல தம்பி, எனக்கும் மூணு பிள்ளை" என்றார். ஆர்எஸ்விக்கு என்று தனியாக மருந்து கிடையாது. ஆக்சிஜன், நீர், தேவைப்பட்டால் மூச்சு இயந்திரம், கிருமியோடு உடம்பு சண்டை போட்டு முடிக்கும்வரை பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பது, இவ்வளவுதான் வைத்தியம். மூச்சு இயந்திரத்தில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு ஒரு நர்ஸ், அவர் கண்ணை எடுக்கக்கூடாது. ஆக, அங்கே விலை அதிகமானது மருந்தில்லை, கண்ணும் கையும்தான். நம்முடைய கார்டு கட்டிலைப் பறிக்கவில்லை, சரி. கையை இழுத்துக்கொண்டது. எட்டு வருசம் மக்கள் வரிப்பணத்தில் பழகிய கை.

இதற்காக அந்த அக்காவைக் குறை சொல்ல முடியுமா? என்னால் முடியாது. என்னைக் குறை சொல்லலாமா? யாராவது அன்றைக்கு இரவு என் காடியை நிறுத்தி, "உன் கார்டை இன்னொரு பிள்ளைக்குக் கொடு" என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? நேர்மையாகச் சொல்கிறேன், கொடுத்திருக்கமாட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். பெற்ற பிள்ளை மூச்சுத் திணறும்போது தராசு பிடிக்கிற அப்பனை நான் மதிக்கவும் மாட்டேன். கண்ணப்பர் கண்ணைக் கொடுத்தார், அது அவருடைய கண். சிறுத்தொண்டர் கதையைச் சின்ன வயதில் கேட்டுவிட்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தவன் நான். பிள்ளையைக் கொடுக்கச் சொல்லி மனுசனை மனுசன் கேட்கக்கூடாது.

அப்படியானால் நியாயம் எங்கே இருக்கிறது? யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது. அந்த ராத்திரியில் நியாயத்தைத் தேடுவதே தப்பு. அந்த ராத்திரியில் பாசம்தான் ஆட்சி செய்யும், செய்யவும் வேண்டும். நியாயம் அதற்கு முன்னால், யாருக்கும் காய்ச்சல் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில், செய்து வைக்கவேண்டிய வேலை. அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால்தான் எனக்குப் பதில் இல்லை.

எங்கள் பாட்டி கதையைச் சொல்லணும். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஏழு பெற்று நான்கு தங்கியது. ஒரு பையனை வயிற்றுப்போக்கில் இழந்தார். காலையில் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வெட்டுக்குப் போனவர், பால் எடைபோட்டுத் திரும்பி வரும்போது பிள்ளை கண் செருகிக் கிடந்தது. தோட்டத்து டிரஸர் ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். அந்தக் காலத் தொழிலாளர் சட்டம் மருத்துவப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில்தான் வைத்திருந்தது. ஆனால் பொறுப்பு என்பது டிரஸர் அளவில் நின்றுவிடும். துரை வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் காடி டவுனுக்குப் போகும். பாட்டி இதைக் கோபமாகச் சொன்னதே இல்லை. "அது கொண்டாந்த வினை அவ்ளோதான்டா" என்பார்.

பாப்பாவின் காரியத்தன்றைக்கும் இதே வார்த்தையைக் கேட்டேன். வசதியான ஒரு பெரியவர், நல்லவர்தான், கோயிலுக்கு நிறையச் செய்தவர், என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "எல்லாம் வினைப்பயன் தம்பி. நாம என்ன செய்ய முடியும்?"

பாட்டி சொன்ன அதே வார்த்தை. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். பாட்டி அதைத் தனக்குச் சொல்லிக்கொண்டார். பிள்ளையைப் புதைத்துவிட்டு மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்குப் பெரட்டுக்குப் போய் நிற்கவேண்டியவருக்கு அந்த வார்த்தை ஊன்றுகோல். இந்தப் பெரியவர் அதை இன்னொருத்தர் துக்கத்தின்மேல் சாய்ந்துகொள்ளப் பயன்படுத்தினார். ஊன்றுகோலும் தடிதான், யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வினையை நான் நம்புகிறவன். ஆனால் கணக்கை முழுசாகப் போடவேண்டும். ஐந்து மாதப் பிள்ளை கொண்டுவந்த வினை நோய் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு நாள் அந்த அம்மாவை வீட்டில் உட்கார வைத்த பயம் பிள்ளை கொண்டுவந்ததா? அது கட்டணப் பட்டியலில் இருந்து வந்தது. பதியாமல் விட்ட கல்யாணத்தில் இருந்து வந்தது. அதே கோயிலில் அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு, "பதிஞ்சாச்சா?" என்று கேட்காமல் வந்தவர்களில் நானும் ஒருத்தன். கேட்காமல் விட்டதும் வினைதானே, அது யார் கணக்கில் ஏறும்?

ஒரு வெள்ளி என்றேன். அதைப் பற்றிச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவனாவேன். நம் நாட்டில் குடிமக்கள் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்து டாக்டரைப் பார்க்கிறோம், நிபுணர் கிளினிக்கில் ஐந்து ரிங்கிட். பணக்கார நாடுகளிலேயே பல இடங்களில் இது இல்லை. 1957இல் தீபகற்பத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 75 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. இன்றைக்கு அந்த எண் பத்துக்கும் கீழே. கம்பத்துக் கிளினிக், தாதிமார், தடுப்பூசி, நல்ல தண்ணீர், இதெல்லாம் செய்த வேலை. என் பாட்டி இழந்த மாமனை இன்றைக்கு ஓஆர்எஸ் பாக்கெட் காப்பாற்றியிருக்கும்.

ஆனால் அந்த ஒரு வெள்ளிக் கதவுக்கு ஒரு சாவி இருக்கிறது, அதன் பேர் ஐசி. 2014ஆம் ஆண்டுக் கட்டண உத்தரவுக்குப் பிறகு வெளிநாட்டவர் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. அரசாங்கம் சொல்லும் காரணமும் புரியாமல் இல்லை. உள்ளூர் வரிப்பணம், கட்டில் குறைவு. ஆனால் நம் சட்டப்படி அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டவர், திருமணம் பதியவில்லை என்றால் பிள்ளையின் குடியுரிமை அம்மாவைப் பின்பற்றும். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணம் பதிவு செய்யப்படவேண்டும் என்பது சட்டம். தாலி கட்டினால் சாமிக்குத் தெரியும், ஜேபிஎன்னுக்குத் தெரியாது. பிறகு அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் விண்ணப்பிக்கலாம். வருசக்கணக்கில் காத்திருக்கவேண்டும். ஐந்து மாதப் பிள்ளைக்கு அவ்வளவு வருசம் ஏது?

ஒரு வேடிக்கையையும் பாருங்கள். டுமாயிலிருந்து மலாக்காவுக்கு ஃபெரி வருகிறது. சுமத்ராவிலிருந்து வசதியானவர்கள் அதில் வந்து இங்கே தனியார் மருத்துவமனையில் வைத்தியம் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அவர்களை வரவேற்க ஆளும் வேனும் துறைமுகத்திலேயே நிற்கும். அதே கடலைத் தாண்டி வந்த இன்னொரு பெண், நம் வீட்டு மருமகள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வரப் பயந்து ஓமம் வறுத்துக்கொண்டிருந்தாள்.

சரி, கட்டில் உண்மையிலேயே குறைவாக இருந்தால் யாருக்குக் கொடுப்பது? உலகம் இதைப் பல விதமாகச் செய்து பார்த்திருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சிறுநீரக டயாலிசிஸ் இயந்திரம் வந்தது. இயந்திரம் சில, நோயாளிகள் பலர். யாருக்கு என்று முடிவு செய்ய ஏழு சாதாரண மனிதர்களைக் கொண்ட ஒரு குழு. வேலை என்ன, சொத்து எவ்வளவு, சர்ச்சுக்குப் போகிறாரா என்றெல்லாம் பார்த்தார்கள். பிள்ளைகளைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. விசயம் பத்திரிகையில் வந்தபோது ஊர் கொதித்தது. 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் சிறுநீரகம் செயலிழந்த ஏறக்குறைய எல்லாருக்கும் அரசாங்கமே செலவை ஏற்கும் என்று சட்டம் போட்டது. பாருங்கள், 'யாருக்கு' என்ற கேள்விக்கு நல்ல பதில் கண்டுபிடித்து அவர்கள் தப்பிக்கவில்லை. கேள்வியையே இல்லாமல் செய்தார்கள்.

இன்னொரு விதம், குலுக்கல். தண்டுவடத் தசைநார்ச் சிதைவு என்ற நோய்க்கு சோல்ஜென்ஸ்மா என்று ஒரு மருந்து. ஒரே ஒரு தடவை போடும் ஊசி. 2019இல் அமெரிக்காவில் அதன் விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர். நம் காசுக்கு ஒன்பது மில்லியன் ரிங்கிட் பக்கம். மருந்து இன்னும் அனுமதிக்கப்படாத நாடுகளில் இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு 2020இல் நூறு ஊசி வரை இலவசமாகக் கொடுப்பதாக நோவார்ட்டிஸ் நிறுவனம் அறிவித்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குலுக்கல். முதலில் படித்தபோது எனக்கு வயிற்றைப் புரட்டியது. நாலு நம்பர் மாதிரி பிள்ளை உயிரா? பிறகு தோன்றியது, பர்ஸைப் பார்த்துக் கொடுப்பதைவிடக் குலுக்கல் யோக்கியம். அதற்கு ஏழை பணக்காரன் தெரியாது. ஆனால் அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. அந்த மருந்துக்குப் பஞ்சம் வந்தது மழை பெய்யாமல் இல்லை. விலை வைத்ததால் வந்த பஞ்சம். ஆராய்ச்சிக்குச் செலவாகும், தெரியும். ஆனாலும் நாமே கட்டிய அணைக்குக் கீழே நின்றுகொண்டு தண்ணீருக்குச் சீட்டுப் போடுவதை எப்படி நியாயம் என்பது?

மூன்றாவது விதம் நம்முடையது: முகம். 2021இல் தமிழ்நாட்டில் இதே நோய் வந்த ஒரு கைக்குழந்தைக்கு மக்கள் சேர்ந்து 16 கோடி ரூபாய் திரட்டினார்கள். மத்திய அரசு சுமார் 6 கோடி ரூபாய் இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது. ஊசி போடப்பட்டது. படித்தபோது நானும் கண் கலங்கினேன். அதே வருசம் இந்தியா வெளியிட்ட அரிய நோய்க் கொள்கையில் ஒரு நோயாளிக்கு உச்சவரம்பு 20 லட்சம், மறுவருசம் அதை 50 லட்சமாக உயர்த்தினார்கள். ஐம்பது லட்சத்துக்கும் பதினாறு கோடிக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை யார் நிரப்புவது? யார் படம் போனில் அதிகம் சுற்றுகிறதோ அந்தப் பிள்ளைக்கு ஊர் நிரப்பும். படம் சுற்றாத பிள்ளை?

நாங்களும் அதைத்தான் செய்தோம். பாப்பா கண் பெரிசு, படத்தில் சிரிப்பாள். தாமானில் பத்திரம் இல்லாத பிள்ளைகள் இன்னும் ஐந்து பேர் இருப்பது எங்கள் குழுவில் எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கு உண்டியல் வைக்கத் தோன்றவே இல்லை. அவர்களுக்கு இன்னும் காய்ச்சல் வரவில்லை.

கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மணிமேகலையின் அமுதசுரபிகூடத் தானாக நிரம்பவில்லை, ஆதிரை இட்ட முதல் பிச்சைக்குப் பிறகுதான் வற்றாமல் சுரந்தது. முகம் பார்த்து இரங்குவது முதல் பிச்சை. ஆனால் முதல் பிச்சையோடு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறோம்.

தீவிர சிகிச்சை என்ற சங்கதியே எப்படி ஆரம்பித்தது என்று இதற்காகத் தேடிப் படித்தேன். 1952, டென்மார்க்கின் கோப்பன்ஹேகன். போலியோ கொள்ளைநோய். மூச்சுத் தசை செயலிழந்து பிள்ளைகள் சாகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இரும்பு நுரையீரல் என்ற இயந்திரம் ஒன்றே ஒன்று. ஆகஸ்டு 27ஆம் தேதி, பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தார். பிழைத்தாள். ஆனால் மற்றவர்களுக்கு? பை இருக்கிறது, கை வேண்டுமே. மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறை போட்டு, ராத்திரி பகலாக, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பிள்ளைகளின் கட்டிலருகே உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். அதற்குமுன் இந்தக் கட்டத்துக்கு வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். அது தலைகீழாக மாறியது. மறு வருசம் இப்சன் அதே நகரில் திறந்த பிரிவைத்தான் உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பலர் சொல்கிறார்கள்.

அந்த மாணவர்கள் யார் பிள்ளை, அப்பா என்ன வேலை என்று கேட்டுப் பையை அமுக்கவில்லை. முகத்தைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை, போட்ட முறைக்குப் போய் உட்கார்ந்தார்கள். சிலர் கையிலேயே பிள்ளைகள் இறந்தும் போயிருக்கிறார்கள். மறுநாளும் வந்தார்கள். கொத்தோங் ரோயோங் என்று நாம் வருசத்துக்கு இரண்டு தடவை கோயில் வளாகத்தில் புல் வெட்டுகிறோமே, அதன் நிஜமான உருவம் அதுதான் என்று எனக்குப் பட்டது. முக்கால் மணி நேரம் பாப்பாவுக்குப் பலூன் அமுக்கிய அந்த நர்ஸும் அந்த வரிசையில் வந்தவர்தான். அவர் பேர்கூட எங்களுக்குத் தெரியாது. நன்றி சொல்லவும் யாரும் போகவில்லை.

மீண்டும் 3,240 ரிங்கிட் 60 சென்னுக்கு வருகிறேன். கூட்டத்தில் மூன்று யோசனை வந்தது. ஈப்போ பக்கம் ஒரு பிள்ளைக்கு ஆப்பரேசன், போனில் படம் வந்திருக்கிறது, அதற்கு அனுப்பிவிடலாம் என்றார் செயலாளர். பாப்பா பேரில் அன்னதானம் போடலாம் என்றார் ஒருத்தர். மூன்றாவது யோசனை அந்தப் படிவம் ஐந்து பையனுடையது. "அண்ணே, அந்த அஞ்சு பிள்ளைங்களுக்குப் பத்திரம் எடுக்க எவ்ளோ ஆகும்?"

செயலாளர் சொன்னது நியாயமான எதிர்ப்பு: "ஜனங்க ஆஸ்பத்திரிக்குன்னு போட்ட காசுப்பா. ஜேபிஎன்னுக்கு மோட்டார்ல போய்வர பெட்ரோலுக்கும் வக்கீலுக்கும் எடுத்தா கேக்கமாட்டாங்களா?" கேட்கத்தான் செய்வார்கள். கொடுத்தவன் மனசில் நினைத்தது ஒன்று, நாம் செய்வது இன்னொன்று என்றால் அதுவும் ஒரு வகைத் திருட்டுதான். இதில் நான் பையன் பக்கம் என்றாலும் செயலாளர் சொன்னதைத் தள்ளமுடியவில்லை. கடைசியில் கொடுத்தவர்களிடமே கேட்பது என்று முடிவானது. எல்லாரையும் தேடமுடியாது. அதனால் இந்த இதழில் எழுதுவது, சித்திரா பௌர்ணமி வரை பார்ப்பது. மாசி மகத்தன்று உண்டியலில் போட்டவர்கள் யாருக்காவது தங்கள் பணம் வேறு வழியில் போகக்கூடாது என்று இருந்தால் என்னிடம் சொல்லலாம். ரசீது தேவையில்லை, வார்த்தை போதும். எடுத்துத் தனியாக வைத்துவிடுவேன்.

இதற்கிடையில் ஒன்று செய்தோம், அதற்குக் காசு தேவைப்படவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவச் சமூகநலப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கட்டமுடியாத பில்லுக்கு என்ன வழி, எந்த நிதிக்கு எழுதிப் போடலாம் என்று அங்கே சொல்வார்கள். சுகாதார அமைச்சிடம் தாபோங் பந்துவான் பெருபாத்தான் என்ற உதவி நிதியும் உண்டு. குடிமக்களுக்கு இது பெரிய உதவி. பத்திரம் இல்லாத பிள்ளைக்கு வழி குறுகல், ஆனால் போய்க் கேட்பதற்கே நம் ஆட்களுக்குத் தெரிவதில்லை. இரண்டு தங்கைமார் அந்த ஐந்து வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளைக்கு மூச்சு வாங்கினால், பால் குடிக்காவிட்டால், கட்டணத்தை நினைக்காமல் உடனே எங்களில் யாரையாவது கூப்பிடவேண்டும் என்று மூன்று போன் நம்பரைச் சாமி மேடைப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தார்கள். ராத்திரி எந்நேரமானாலும் காடி வரும். வாரத்துக்கு ஒருத்தர் முறை. முதல் வாரம் நான்.

ஒரு வீட்டில் கல்யாணம் இன்னும் பதியவில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கிறது, ஆறு மாதம். அந்தத் தம்பியும் தங்கச்சியும் அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டுமாம். நான் ஒருத்தன். இன்னொரு கையெழுத்துக்குப் படிவம் ஐந்து பையன்தான் முதலில் வருகிறேன் என்றான். வயது பத்தாது என்று சொல்லி அவன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகிறோம். இவன் பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.